மாதிரி கிராம சபை நடத்திய கதை

புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களுக்கு ஊக்கம் தரும் வகையில் என் அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஊக்கம் என்னிடம் இருப்பில் இல்லை. இந்தத் தொழிலில் ஓய்வு பெற்றவனிடம் மிஞ்சுவது எரிச்சல்தான். அதைத் தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நியமனக் கடிதத்தில் 'ஜனநாயக அமைப்புகளை வலுப்படுத்துதல், மனித உரிமைகளை நிலைநாட்டுதல்' என்று அச்சடித்திருப்பார்கள். படிக்க நன்றாக இருக்கும். எங்கோ ஒரு குளிர் நாட்டில் மக்கள் கட்டும் வரிப்பணம், அந்த ஊர் நிதி நிறுவனம் வழியாகச் சென்னைக்கு வந்து, அங்கே நம் தலைமை அலுவலகத்தில் கொஞ்சம் களைப்பாறி, ஆலங்காயம் கிளைக்கு இறங்கி, அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறி, சாமை விதைக்கும் ஒரு பெண்ணிடம் 'உனக்கு உரிமை இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். இதுதான் திட்டம். மலையேறி வந்து சேரும்போது அது பெரும்பாலும் ஒரு சார்ட் பேப்பரும் நாலு ஸ்கெட்ச் பேனாவும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமுமாக ஆகியிருக்கும்.

நான் கலசப்பாக்கத்துக்காரன். நெல் விளைகிற ஊர். மலைக்குக் கிழக்கே பிறந்து, மேற்கே ஆலங்காயத்தில் களப் பொறுப்பாளராக இருபத்தைந்து வருடம் ஓட்டினேன். மலை ஊர்களில் எனக்குத் தெரியாத பாதை இல்லை என்று பெருமை அடித்துக்கொள்வேன். பாதை தெரிந்தது உண்மை. அதில் நடக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காதில் வாங்காமல் நடந்ததும் உண்மை.

ஒரு முறை சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். பெரிய ஆள், நாள் கூலியே நம் மாதச் சம்பளம். வந்தவர் எல்லோருக்கும் தாள் கொடுத்து 'உங்கள் கனவு கிராமத்தை வரையுங்கள்' என்றார். மலைக்காரர் ஒருவர் ஒரு பஸ்ஸை மட்டும் வரைந்தார். சக்கரம், ஜன்னல், கண்டக்டர் உட்பட. பயிற்சியாளர் முகம் சுளித்து, "வெறும் பஸ்தானா? சமத்துவம், நீதி இதெல்லாம் உங்க கனவுல இல்லையா?" என்று கேட்டார். அந்த மலைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "பஸ்ஸு வந்தா தாலுகா ஆபீசு போவலாங்க. அங்க போனா அதெல்லாம் கேக்கலாங்க." நாங்கள் அறிக்கையில் 'போக்குவரத்து சார்ந்த விழிப்புணர்வு பெற்றனர்' என்று எழுதினோம். பஸ்ஸுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மனு எழுதுவது எங்கள் திட்டச் செயல்பாடுகளின் பட்டியலில் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதற்கு அது வேண்டும். எங்கள் திட்டத்தின் பெருமைகளில் ஒன்று கையெழுத்து. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பெயர் எழுத வைத்தோம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கீழே பெயர் எழுதக் கற்றுக்கொடுத்த நாங்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் மூன்று தாள் நீட்டுவோம். வந்ததற்கு ஒன்று, சாப்பிட்டதற்கு ஒன்று, பயணப்படிக்கு ஒன்று. விரல் வைத்து இடத்தைக் காட்டுவோம், அவர்கள் அந்த இடத்தில் எழுதுவார்கள். யாராவது "இது இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டால் "ஆடிட்டுக்கு" என்போம். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படியே பல வருடம் பழக்கினோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் திட்டத்தின் மையமே கிராம சபைதான். ஊராட்சியில் வாக்காளராக இருக்கும் எல்லோரும் கூடி உட்கார்ந்து, கேள்வி கேட்டு, தீர்மானம் போடும் கூட்டம். சட்டப்படி அதற்குப் பலம் உண்டு. குடியரசு தினம், சுதந்திர தினம் மாதிரியான நாட்களில் எல்லா ஊராட்சிகளிலும் நடக்கும். அதில் மலை மக்களைப் பேச வைப்பதற்குத்தான் வெளிநாட்டிலிருந்து எங்களுக்குப் பணம் வந்தது.

அந்த வருடம் நிதி நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவருக்கு ஒழிந்த நாள் ஒன்றே ஒன்று, ஜனவரி இருபத்தாறு. எங்கள் இயக்குநர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"அன்னைக்கு மலை மேல நிஜ கிராம சபைக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறது ரிஸ்க். கூட்டம் எப்ப ஆரம்பிக்கும்னு தெரியாது. தலைவர் ஏதாவது ஏடாகூடமா பேசுவார். பாத்ரூம் கிடையாது. நீங்க மக்களைக் கீழ கொண்டு வந்துடுங்க. ஆலங்காயத்துல கல்யாண மண்டபம் எடுத்து ஒரு மாதிரி கிராம சபை நடத்திடலாம். அவங்க பேசுறதை அம்மா பார்க்கட்டும்."

கவனியுங்கள். நிஜக் கிராம சபை நடக்கும் அதே நாளில், அதே நேரத்தில், அந்த மக்களையே மலையிலிருந்து இறக்கி, கிராம சபை மாதிரி நடிக்க வைக்க வேண்டும். கிராம சபையை வலுப்படுத்துவதற்காக. இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். "சரிங்க சார், வேன் சொல்லிடறேன்" என்றேன்.

காசாம்புவை அப்போதுதான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். நாற்பது வயதிருக்கும். மலையில் ஒரு சின்ன ஊர், இருபது முப்பது வீடு. ஊருக்குப் பின்னால் ஒரு சரிவு. அதில் தலைமுறையாகச் சாமை விதைக்கிறார்கள், ஓரத்தில் புளிய மரங்கள். காகிதத்தில் அது வனம். வன உரிமைச் சட்டப்படி அந்தச் சரிவுக்கு உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தது நாங்கள்தான், அதை மறுக்கவில்லை. அந்த உரிமை கிடைப்பதற்கு முதல் படியாக, இவர்கள்தான் இங்கே பயிர் செய்கிறார்கள் என்று கிராம சபை சொல்ல வேண்டும்.

குடியரசு தினத்தன்று காலையில் வேன் அந்த ஊருக்குப் போனது. எல்லோரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஏறினார்கள். நான் முன் சீட்டில் இருந்தேன். வேன் கிளம்பிய பிறகு காசாம்பு பின்னாலிருந்து கேட்டார்.

"சார், இன்னிக்கு மேல பஞ்சாயத்துல சபை கீதுன்னு தண்டோரா போட்டாங்களே. நாங்க அங்க போவ வேணாமா?"

"அடுத்த தடவை போய்க்கலாம்மா. இன்னிக்கு வெளிநாட்டுல இருந்து ஆளு வந்திருக்காங்க" என்றேன்.

"நெலத்தப் பத்தி எதுனா பேசுனாங்கன்னா?"

"ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

நான் திரும்பிப் பார்த்துக்கூடப் பதில் சொல்லவில்லை, கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன். இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மண்டபத்தில் எங்கள் மாதிரி கிராம சபை வெகு விமரிசையாக நடந்தது. மேடைக்குப் பின்னால் 'மாதிரி கிராம சபை' என்று பேனர். இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தோம். காசாம்புதான் ஊராட்சித் தலைவராக உட்கார்ந்தார். ஒருவர் எழுந்து தெருவிளக்கு கேட்டார், ஒருவர் ரேஷன் கடை கேட்டார். பிறகு காசாம்பு நாங்கள் சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட்டுத் தன் சொந்தச் சரிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்தப் பாறையிலிருந்து எந்த மரம் வரைக்கும், யார் வீட்டுப் பங்கு எது, எந்த வருடம் காட்டுப்பன்றி எவ்வளவு தின்றது என்று வரிசையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் முட்டாள் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், கொடையாளர் என்றாலே ஒன்றும் தெரியாதவர் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் வசதிக்காக நினைப்பது. சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்டார்: "இன்றைக்கு நாடு முழுக்கக் கிராம சபை நடக்கும் என்று படித்தேனே. இவர்களுக்கு இன்று இல்லையா?" இயக்குநர் ஒரு நொடிகூடத் தயங்காமல், "அது சாயந்தரம். இவங்க இங்கிருந்து நேரா அங்கதான் போறாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அருகில் நின்ற நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன். பத்து நாளில் அறிக்கை போனது. பேனரில் 'மாதிரி' என்ற சொல் வெட்டப்பட்ட புகைப்படத்தோடு, 'மலைப் பெண்கள் கிராம சபையில் பெருமளவில் பங்கேற்றுத் தங்கள் நில உரிமையை வலியுறுத்தினர்' என்ற வாசகம். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு அனுப்பும் படத்தில் தமிழ்ச் சொல்லை வெட்டுகிற அளவுக்கு முன்ஜாக்கிரதை எங்களிடம் இருந்தது.

சித்திரை மாதத்தில் காசாம்புவின் சரிவில் நில அளவையாளர்கள் வந்து நின்றார்கள். பாறைகளில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. பார்வைக் கோபுரமும் தங்கும் குடில்களும் வரப்போகின்றனவாம். கேட்டால், ஊராட்சியே தீர்மானம் போட்டுக் கொடுத்திருக்கிறது என்றார்கள். குடியரசு தினத்தன்று நடந்த கிராம சபையில் போட்ட தீர்மானம். 'மேற்படி இடத்தில் யாரும் பயிர் செய்யவில்லை, அங்கே கட்டுமானம் செய்ய ஊருக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, கீழே வருகைக் கையெழுத்துகள். அதில் காசாம்புவின் கையெழுத்தும் இருந்தது. வேனில் வந்த எல்லோருடையதும் இருந்தது.

போலிக் கையெழுத்து என்று நான் குதித்தேன். காசாம்பு தலையை ஆட்டினார்.

"எங்க கையெழுத்துதான் சார். மண்டபத்துக்கு வந்துட்டுப் போன மறுநாளு நூறு நாள் வேலைக்குப் போனப்போ பஞ்சாயத்து கிளார்க்கு நோட்டு எடுத்துனு வந்தாரு. செல்லுல வேலைக்கு வந்த போட்டோ ஏறல, சிக்னல் இல்ல, கூலி வரணும்னா இதுல போடுங்கன்னாரு. அவுரு வெரலு வெச்ச எடத்துல போட்டோம்."

"என்ன நோட்டுன்னு கேக்கலியா?"

"நீங்க நீட்டுறப்ப கேட்டமா?"

நாங்கள் பல வருடம் வெளிநாட்டுப் பணத்தில் பழக்கிய பழக்கத்தை அந்தக் கிளார்க் ஒரே காலையில், ஒரே பேனாவில் அறுவடை செய்துவிட்டுப் போயிருந்தார்.

அவர்கள் மனு போட்டார்கள். இந்த முறை எங்களைக் கேட்காமல் அவர்களே போட்டார்கள். கோட்டாட்சியர் விசாரணைக்கு அழைத்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர், நேர்மையானவர் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் பதிவேட்டைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்க, இவர்கள் ஆமாம் என்றார்கள். கூட்டத்துக்கு வந்தீர்களா என்று கேட்க, இல்லை என்றார்கள். "ரெண்டுல எதை நான் நம்பணும்? அன்னைக்கு அந்த நேரத்துல வேற எங்க இருந்தீங்கன்னு ஆதாரம் கொண்டு வாங்க. அடுத்த வாரம் முடிச்சிடுவேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆதாரம் இல்லாவிட்டால் தீர்மானம் நிற்கும். ஆடியில் விதைக்கச் சரிவு இருக்காது.

ஆதாரம் ஒரே இடத்தில் இருந்தது. எங்கள் அலுவலக இரும்பு அலமாரியில். மாதிரி கிராம சபையின் வருகைப் பதிவேடு, தேதியும் நேரமும் போட்டு, அதே கையெழுத்துகளோடு. வெட்டப்படாத புகைப்படங்கள். வேனின் டிரிப் ஷீட்.

காசாம்பு ஆலங்காயம் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார். "அந்த நோட்டக் குடுங்க சார்."

இயக்குநருக்குப் போன் செய்தேன். அவர் மறுத்தார். இயக்குநரை வில்லனாகப் படம் பிடித்துக் காட்டி நான் நல்லவனாகத் தப்பிக்கப் போவதில்லை, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"யோசிச்சுப் பாருங்க. நாம பணம் வாங்கினது கிராம சபைக்கு ஆள் அனுப்ப. அனுப்பினோம்னு ரிப்போர்ட் எழுதிட்டோம். இப்ப நீங்க போய், இல்ல, நாங்கதான் அவங்களை அங்க போகவிடாம கூட்டிட்டு வந்தோம்னு எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்? வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கிட்டு அரசாங்கக் கூட்டத்தைக் கெடுத்தாங்கன்னு பேப்பர்ல வரும். வெளிநாட்டு நிதி வாங்குற அனுமதி புதுப்பிக்கக் கொடுத்திருக்கோம். அது போனா இந்த ஆபீசு மட்டுமில்ல, செங்கல் சூளையில இருந்து மீட்ட குடும்பங்களுக்கு நடத்துற கேசு எல்லாமே நின்னுடும். ஒரு ஊருக்காக இருபது ஊரை விடணுமா?"

இந்தக் கணக்கை உங்களிடமும் ஒரு நாள் யாராவது போடுவார்கள். கேட்கும்போது ரொம்ப நியாயமாகப் படும். இருபது ஊர் பெரிதா, ஒரு ஊர் பெரிதா என்று நாமே தலையாட்ட ஆரம்பித்துவிடுவோம். நான் ஆட்டினேன். இரண்டு நாள் ஆட்டினேன். காசாம்புவிடம் 'மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று சொன்னேன். மேலிடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் பயத்தைத்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கணக்காளர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். களப்பணியாளர்கள் யாரையும் அவருக்குப் பிடிக்காது, ரசீது ஒழுங்காகக் கொண்டு வரமாட்டோம் என்பதால். நான் இரண்டு நாளாக அலமாரிக்கும் போனுக்குமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார் யோசன?"

சொன்னேன். இருபது ஊர் கணக்கையும் சொன்னேன்.

"அந்த இருபது ஊருல யாரு நெலமாச்சும் இப்ப போவுதா?"

"இல்ல."

"இவங்க நெலம் போவுது. கூட்டினு வந்தது நீங்க. தப்பு உங்களுது, நட்டம் அவங்களுது. இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது?" சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். நாற்பது பயிற்சிப் பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். நியாயம் எது என்று எனக்கு ஒருவர் தெளிவாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அலமாரியைத் திறந்தேன். பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். இயக்குநருக்கு 'கொடுக்கப் போகிறேன்' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டேன். இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். வீரம் இருந்திருந்தால் போனை அணைத்திருக்க மாட்டேன்.

விசாரணை நாளன்று வாக்குமூலத்தை முன்கூட்டியே டைப் செய்து கொண்டுபோனேன். நம் தொழிலில் எழுத்தில் நான் கெட்டிக்காரன். 'நிகழ்ச்சிக்கான நாளைத் தேர்வு செய்வதில் ஏற்பட்ட கவனக்குறைவால், மேற்படி நபர்கள் கிராம சபையில் கலந்துகொள்ள இயலாமல் போனது' என்று எழுதியிருந்தேன். உண்மை போலவும் தெரியும், யார் மேலும் கறை படாது. கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் காசாம்புவின் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சியாக அவர்களும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். தாளை நீட்டி, விரலை வைத்து இடத்தைக் காட்டினேன்.

காசாம்பு பேனாவை வாங்கவில்லை. "படிங்க சார்" என்றார்.

படித்தேன்.

"கவனக்குறைவுன்னா இன்னா?"

"தெரியாம நடந்துடுச்சுன்னு அர்த்தம்."

"தெரியாமயா நடந்துச்சு?" கோபமாகக் கேட்கவில்லை, கணக்குத் தப்பியதைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். "வேன்ல நான் கேட்டேனே சார். சபை கீதேன்னு கேட்டேன், நெலத்தப் பத்திப் பேசுனா இன்னா பண்றதுன்னும் கேட்டேன். அத எழுதுங்க."

"அது எதுக்கும்மா இங்க? தீர்மானம் ரத்தானா போதாதா?"

"உள்ள குந்திருக்காரே பஞ்சாயத்துத் தலைவரு, அவுரு இன்னா சொல்றாரு தெரியுமா? இவங்களுக்குச் சபையும் வேணாம் நெலமும் வேணாம், வெள்ளக்காரம்மா போடுற சோறு போதும்னு எறங்கிப் போய்ட்டாங்கன்றாரு. நீங்க எழுதியிருக்கறதப் படிச்சா அவுரு சொல்றது சரின்னுதான் ஆவும். நாங்க கேட்டோம். நீங்கதான் வேணாம்னீங்க. அது எழுதலன்னா நான் போட மாட்டேன்."

மற்றவர்களும் பேனாவைத் தொடவில்லை. உள்ளே எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, டைப் செய்த வரியை அடித்துவிட்டு, கையால் எழுதினேன். 'அன்று கிராம சபை நடப்பது எனக்குத் தெரியும். வேனில் திருமதி காசாம்பு அதை நினைவூட்டினார். நிலம் பற்றிப் பேசப்படலாம் என்றும் சொன்னார். வெளிநாட்டு விருந்தினர் வந்திருப்பதால் அடுத்த முறை போகலாம் என்று நான்தான் அவர்களைத் தடுத்து அழைத்துச் சென்றேன்.' எத்தனையோ பக்கம் அறிக்கை எழுதியிருக்கிறேன், இந்த நாலு வரிக்கு வியர்த்த மாதிரி எதற்கும் வியர்த்ததில்லை.

மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். ஒவ்வொருவராக வாங்கி எழுதினார்கள்.

கோட்டாட்சியர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிராம சபையை வலுப்படுத்துற அமைப்புன்னு லெட்டர்ஹெட்ல போட்டிருக்கே" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். அவர் இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரே ஆட்கள், ஒரே நேரம், இரண்டு இடம். அந்த மாதமே தீர்மானம் ரத்தானது. சிறப்புக் கிராம சபை கூட்டி, விண்ணப்பதாரர்கள் முன்னிலையில் மறுபடி முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

எங்கள் அமைப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பேப்பரில் யாரும் எழுதவில்லை, அனுமதியும் புதுப்பிக்கப்பட்டது. இயக்குநர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் பெண்மணிக்கு நடந்ததை அவரே எழுதினார், ஒழுங்காக எழுதினார் என்றும் கேள்வி. அங்கிருந்து திட்டு வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வந்தது ஒரு பாராட்டுக் கடிதம். இது அருமையான கற்றல் அனுபவமாம், இதை வெற்றிக் கதையாக எழுதி அனுப்ப வேண்டுமாம். உடனே எங்கள் ஆட்கள் எழுதினார்கள்: 'திட்டத்தின் மூலம் பெற்ற ஆவணப்படுத்தும் திறனைப் பயன்படுத்தி மலைப் பெண்கள் தவறான தீர்மானத்தை முறியடித்தனர்.' வேனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நீங்கள் சேர்ந்த அன்று உங்களுக்குக் கொடுத்திருப்பார்களே வழவழப்பான ஒரு புத்தகம், அதில் இந்தக் கதை இருக்கும். படித்துவிட்டு இதையும் படியுங்கள்.

ஆனி மாதம் சிறப்புக் கிராம சபை நடந்தது. வெற்றிக் கதைக்குப் படம் வேண்டும் என்று இயக்குநரே கிளம்பி வந்தார், ஒரு புகைப்படக்காரரோடு. நானும் போனேன். ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம். வாசலில் காசாம்பு நின்றிருந்தார்.

"சார், இது எங்க பஞ்சாயத்து ஆளுங்க மட்டும் குந்துற சபை. நீங்க வெளிய இருங்க."

இயக்குநர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துடறோம்மா. நாங்க உதவிக்குத்தானே வந்திருக்கோம்" என்றார்.

"எதுனா தேவப்பட்டா கூப்பிடறோம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

வேனுக்குப் பக்கத்தில் நின்றோம். புகைப்படக்காரர் பலாமரத்தைப் படம் எடுத்தார். இயக்குநர் சிக்னல் தேடி மேட்டில் ஏறி இறங்கினார். ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. கிளார்க் படிப்பார், யாராவது நிறுத்தச் சொல்வார், திரும்பப் படிப்பார். ஓர் இடத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது, ஒருவர் எழுந்து கத்தினார், இரண்டு பெண்கள் பதிலுக்குக் கத்தினார்கள். இயக்குநர் பதறி, "போய்ப் பாருங்க" என்றார். நான் போகவில்லை. மூன்று மணி நேரம் ஆயிற்று. எங்கள் மண்டபத்தில் இரண்டு நாள் ஒத்திகை பார்த்து நாற்பது நிமிடத்தில் முடித்த காரியம்.

யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

கடைசியில் கதவு திறந்தது. மக்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே கலைந்தார்கள். காசாம்பு வெளியே வந்து எங்களை நோக்கி நடந்து வந்தார். இயக்குநர் ஆவலோடு இரண்டு அடி முன்னால் போனார்.

"என்னம்மா ஆச்சு?"

"எங்க நெலம்னு எழுதியாச்சு. மூணு தடவ படிக்கச் சொல்லி அப்பாலதான் போட்டோம்."

"ரொம்ப சந்தோஷம்மா. அடுத்து நாங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க."

காசாம்பு கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல சார். நீங்க போலாம்."

சரிம்மா என்று சொல்லி வேனில் ஏறிக்கொண்டேன்.